3060-ஆ, 4060-ஆ? உங்கள் சிஸ்டத்திலேயே சோதித்துப் பாருங்கள்

வில்லாபுரத்தில் இருந்துகொண்டு திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வரைக்கும் கல்யாண ஸ்டுடியோக்களுக்கு எடிட்டிங் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். "அண்ணே, ஆர்டிஎக்ஸ் 3060 போடவா, 4060 போடவா?" என்று என்விடியாவின் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பற்றிய கேள்வி இன்னும் ஓயவில்லை. கார்டுகளை ஒப்பிடும் வீடியோவில் வேகத்தைக் காட்டும் இரண்டு பட்டை ஓடுகிறது, நீளமான பட்டை எதுவோ அதுவே நல்ல கார்டு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பட்டை யாரோ ஒருவருடைய சிஸ்டத்தில், பெரும்பாலும் கேம் ஓட்டி எடுத்தது. உங்கள் மதர்போர்டில், உங்கள் வேலையில் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

ஒரு கார்டு உங்களிடமே இருக்கும். இன்னொன்றைத் தெரிந்த ஸ்டுடியோவில் ஒரு நாள் இரவல் கேளுங்கள். ஆடி மாதம் கேளுங்கள், முகூர்த்தம் இல்லாததால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

முதலில் கையில் இருப்பது எந்தக் கார்டு என்று உறுதி செய்யுங்கள். அட்டைப்பெட்டியில் உள்ள பெயர் போதாது. 2021இல் வந்த 3060க்கு 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையே உள்ள பாதை), விநாடிக்கு 360 ஜிபி வேகம். பின்னால் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று வந்தது. அதற்கு 128 பிட் பஸ்தான், வேகம் 240க்கு இறங்கிவிட்டது. ஜிடி 1030 என்ற சின்ன கார்டு இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 மெமரி போட்டதும் டிடிஆர்4 போட்டதும் ஒரே பெயரில் விற்கிறது, மெமரி வேகத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். ஜிபியு-இசட் என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்தால் மெமரி வகை, பஸ் அகலம் எல்லாம் தெரிந்துவிடும்.

அதிலேயே 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற வரியையும் பாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது போர்டோடு பேசும் லிங்க் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி, லோடு கொடுத்துவிட்டுப் படியுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 3060 போர்டோடு பதினாறு லேனில் (தரவு போகும் தடத்தில்) பேசும், 4060 எட்டு லேனில்தான் பேசும். புது போர்டில் பாதகம் இல்லை. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பத்தாம் தலைமுறை இன்டெல், ஏஎம்டி பி450 போர்டுகளில் கார்டு மாட்டும் ஸ்லாட் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டுமே. அங்கே 4060க்குக் கிடைக்கும் பாதை பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி நிரம்பி வழியும்போது அந்தக் குறை வெளியே தெரியும்.

அப்புறம் மற்ற எல்லாவற்றையும் ஒரே நிலையில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே டிரைவர் பதிப்பு. விண்டோஸ் பவர் பிளான், ரேம் வேகம், ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் அணுக விடும் செட்டிங்) எதிலும் கை வைக்காதீர்கள். கார்டு மாற்றும் முன் பவர் சப்ளை சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடு ஏற ஏற என்விடியா கார்டுகள் கிளாக் எனும் ஓடும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். மே மாத மதுரையில் மதியம் மூன்று மணிக்கு ஒரு கார்டையும் இரவு பத்து மணிக்கு இன்னொன்றையும் சோதித்தால் நீங்கள் அளந்தது வெயிலை. ஒரே நேரத்து வேலையாக, அடுத்தடுத்து செய்யுங்கள். ஒவ்வொரு கார்டையும் இருபது நிமிடம் ஓடவிட்டு, சூடு ஒரே அளவில் நின்ற பிறகு அளக்கத் தொடங்குங்கள். கேபினெட் மூடியிருக்க வேண்டும். முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு அடுத்த மூன்றில் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முதல் கார்டை மறுபடி மாட்டி ஒரு முறை ஓட்டுங்கள். பழைய எண்ணே வந்தால்தான் இடையில் வேறு எதுவும் மாறவில்லை என்று நம்பலாம்.

கேம் என்றால் ஃபிரேம் வேகத்தை அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் சாப்ட்வேர் போதும். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) மட்டும் பார்க்காமல், மிக மெதுவான ஃபிரேம்களைக் காட்டும் '1 சதவீத லோ' எண்ணையும் பாருங்கள். கண்ணுக்கு உறுத்தும் திக்கல் அங்கேதான் இருக்கிறது. ஃபிரேம் வேகத்தை மானிட்டரோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை அணையுங்கள். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டையும் அணைத்தே முதல் ஒப்பீட்டைச் செய்யுங்கள். என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் 4060இல் உண்டு, 3060இல் இல்லை. இடையில் செருகிய ஃபிரேம்களை எண்ணினால் கணக்கு பிசகும். ஓடும்போது ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்று கவனியுங்கள். 60இல் நின்றால் தடை பிராசஸரில் இருக்கிறது. எந்தக் கார்டு போட்டாலும் எண் பெரிதாக மாறாது.

எடிட்டிங் என்றால் பெஞ்ச்மார்க் சாப்ட்வேரைத் தேட வேண்டாம். நீங்கள் உண்மையில் முடித்துக் கொடுத்த ஒரு கல்யாண புராஜெக்ட்டிலிருந்து பத்து நிமிட டைம்லைனை வெட்டி எடுங்கள். கலர் கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைட்டில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதை ஒரே செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்து நேரத்தைக் குறியுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 4கே-யில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் 8 ஜிபி சீக்கிரம் நிறையும்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும், பலர் பணத்தை இழப்பது இதில்தான். கேமராவில் எச்.265, 10 பிட், 4:2:2 (நிற விவரத்தை அதிகம் வைத்திருக்கும் முறை) என்று பதிவு செய்பவரா நீங்கள்? அந்த ஃபுட்டேஜைப் பிரித்துக் காட்டும் வசதி 3060, 4060 இரண்டிலும் கிடையாது. என்விடியாவில் 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அதைச் செய்யும், ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள பிராசஸரில் அந்த கிராஃபிக்ஸே இல்லை. ஆக, டைம்லைன் திக்குவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இரண்டு கார்டும் ஒரே மாதிரி திக்கும். கார்டு வாங்க வைத்திருக்கும் பணத்தை பிராசஸரில் போடுங்கள்.

கரண்டையும் அளக்கலாம். 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட். முழு லோடில் பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். பில்லை விட யுபிஎஸ்ஸுக்குத்தான் இது முக்கியம். எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் அந்த 55 வாட் சில நிமிடங்களை வாங்கித் தரும்.

1080பி கேமில் 4060 சுமார் 15 முதல் 20 சதவீதம் முந்தும். அது உங்கள் சோதனையிலும் வந்தால், போர்டும் புதியது என்றால், 4060 எடுங்கள். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் 4கே கல்யாண வேலை பார்ப்பவருக்கு நான் இன்றும் 12 ஜிபி 3060-ஐத்தான் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டுக்கும் இடையே 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் வந்தால் வேகத்தை மறந்துவிடுங்கள். பில்லும் வாரண்டியும் எதில் சரியாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். பழைய கார்டு என்றால் சீரியல் எண் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.