குடும்பப் படங்களுக்குக் கமரா வாங்குகிறீர்களா? மலைநாட்டில் காசு வீணாவது இப்படித்தான்

கமரா கடைக்குள் நுழைந்ததும் நம் ஆட்கள் கேட்பது, “எத்தனை மெகாபிக்சல்?” ஹட்டன் கடையென்றாலும் கொழும்பு பம்பலப்பிட்டி என்றாலும் இதே கேள்விதான். கடைக்காரருக்கும் சுகம், பதில் பெட்டியிலேயே பெரிதாக அச்சடித்திருக்கிறது. ஸ்டூடியோவில் கழுவி அல்பத்தில் வைக்கும் 4×6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஏ4 அளவில் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவதற்கும் 9 தாராளம். பெயர் தெரியாத கம்பனிகள் 48 என்று போட்டு மலிவாக விற்கும் கமராக்கள் பலவற்றில், சின்னப் படத்தை மென்பொருளால் இழுத்துத்தான் அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். அதை வாங்குவதைவிடக் கையில் இருக்கும் போனே மேல்.

நம் பக்கத்தில் தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். பின்னேரம் நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். லயன் காம்பராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, ஒரு சன்னல், ஒரு பல்பு. அதற்குள் ஓடித் திரியும் பிள்ளையைப் படமெடுத்தால் முகம் கலங்கலாகத்தான் வரும். இதற்குப் பார்க்க வேண்டியவை இரண்டு: சென்சாரின் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின்) அளவு, லென்ஸின் வாய் (வெளிச்சம் நுழையும் துளை). மலிவான சின்னக் கமராக்களிலும், “50 மடங்கு சூம்” என்று கூவி விற்பவற்றிலும் இருக்கும் சென்சார் பெரும்பாலும் 28 சதுர மில்லிமீற்றர்தான். லென்ஸை மாற்றிப் போடும் சாதாரண டிஎஸ்எல்ஆர் கமராவில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் அதைப்போல 12, 13 மடங்கு பெரிது. அந்த நீள சூம் எதிர் மலையில் கொழுந்தெடுப்பவர்களை எட்டிப் பிடிக்கும், காம்பராவுக்குள் உதவாது. டிஜிட்டல் சூம் என்பதோ படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை, அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

ஆகவே புதிய சின்னக் கமராவின் விலைக்குள், பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்று கிடைக்குமா என்று தேடுவதுதான் என் கட்சி. கூட வரும் 18–55 மில்லிமீற்றர் லென்ஸைச் சூம் செய்து 55க்குக் கொண்டுபோனால் அதன் துளை எஃப்5.6க்குச் சுருங்கும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). எஃப்1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். உடனே எல்லோரும் சொல்வது “50 மில்லிமீற்றர் எஃப்1.8 வாங்குங்கள், மலிவு” என்று. பொறுங்கள். 10×12 அடி காம்பராவில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு 3 மீற்றர் தள்ளி நின்றாலும், ஏபிஎஸ்-சி கமராவில் அந்த லென்ஸுக்குள் அடங்குவது ஏறக்குறைய 1.4 மீற்றர் அகலம். அப்பாவும் அம்மாவும் நிற்கலாம், அப்பாயிக்கு இடமில்லை. 35 என்றால் 2 மீற்றர், 24 என்றால் 2.9 மீற்றர். வீட்டுக்குள் எடுக்க 35 எஃப்1.8 அல்லது 24 எஃப்2.8 தான் சரி. நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதையும் கவனியுங்கள். மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் திருக வேண்டும்.

ஃபிளாஷை நம்பி வாங்குவதும் தவறுதான். கமராவோடு வரும் ஃபிளாஷ் சில மீற்றர்களுக்கு மேல் எட்டாது. காமன் கூத்து இரவில் பின்வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும். மூட்டத்தில் அடித்தாலோ நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பியனுப்பி, படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். தனி ஃபிளாஷ் வாங்கிக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள் என்பார்கள். கூரை கரி படிந்த தகரமாக இருக்கும் வீட்டில் அது எங்கே திரும்புவது? வெள்ளையடித்த பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள்.

இங்கே கமராவைக் கொல்வது பூஞ்சணம். மே தொடங்கித் தென்மேல் மழை விடாமல் பிடிக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில், தோல் உறையோடு அலுமாரிக்குள் துணிகளுக்கிடையே வைத்தால், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில மாதங்களில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல நூல் ஓடத் தொடங்கும். ஆரம்பத்தில் துடைத்தெடுக்கலாம், முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பாவித்த லென்ஸ் வாங்கும்போது இரு பக்க மூடியையும் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, டோர்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். விற்பவர் “அது தூசி” என்றால் தூசி புள்ளியாக இருக்கும், நூலாக இருக்காது. பற்றரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தாலும் வேண்டாம்.

வாங்கியபின், காற்றுப் புகாத பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். நிறம் மாறும் மணிகளாகப் பார்த்து வாங்கினால், மாறியதும் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். சின்ன ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே வைத்து 40–50 வீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்களும் உண்டு, தவிடும் தூசியும் வளையங்களுக்குள் போவதுதான் மிச்சம்.

டுபாயிலோ கட்டாரிலோ இருக்கும் தம்பி கொண்டுவரும் கமராவுக்கு இங்கே வொரண்டி பெரும்பாலும் செல்லாது. அந்த விலைக்குறைவு உங்களுக்கு உண்மையிலேயே இலாபமா என்று முதலே யோசியுங்கள். ஜப்பான் சந்தைக்கென வந்த சோனி கமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற வழியிராது. மிகப் பழைய கமரா என்றால் கார்டு விடயமும் உண்டு. ஒலிம்பஸ், ஃபியூஜி சிலவற்றுக்கான எக்ஸ்டி (xD) மெமரி கார்டுகள் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. எஸ்டி கார்டு போடும் ஆரம்பகாலக் கமராக்கள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காமல் போகலாம். உங்கள் கார்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு, பத்துப் படம் எடுத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பற்றுச்சீட்டில் கமராவின் தொடர் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள்.