ஜி1000-இல் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச்: வரைபடத்தை விட்டு எழுத்தைப் பாருங்கள்

கிளாஸ் காக்பிட்டில் (பழைய வட்டக் கருவிகளுக்குப் பதில் திரைகள் இருக்கும் விமானி அறை) இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ரன்வேயை நோக்கி இறங்குவதை, கற்றுக்கொள்ள வருபவர்கள் எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டன் என்பதைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அது சீக்கிரமே வந்துவிடும். வராமல் இழுத்தடிப்பது வேறொன்று. அந்தப் பெரிய வண்ணத் திரையில் அங்கங்கே மூன்று நான்கு எழுத்தில் சின்னதாக ஏதோ எழுதியிருக்குமே, அதைப் படிக்கும் பழக்கம். ஊசி எதைக் காட்டுகிறது, ஆட்டோபைலட் இப்போது என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் விஷயத்தில் பாதியைத்தான் சொல்லும்.

கார்மின் நிறுவனத்தின் ஜி1000 திரைத் தொகுப்பும் அதோடு வரும் ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட்டும் இருக்கும் ஒரு செஸ்னா 172 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மென்பொருள் பதிப்பைப் பொறுத்துச் சில இடங்களில் நடத்தை மாறும். நான் சொல்வதும் உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதும் மோதினால் கையேட்டையே பின்பற்றுங்கள். பழைய ஜி1000 விமானங்கள் சிலவற்றில் கேஏபி 140 ஆட்டோபைலட் இருக்கும், அதற்குத் தனியாகக் காற்றழுத்த அமைப்பு உண்டு. திரையில் கியூஎன்ஹெச் (உயரமானிக்குக் கொடுக்கும் காற்றழுத்த அளவு) மாற்றிவிட்டு அதில் மாற்ற மறந்தால் ஆட்டோபைலட் வேறொரு உயரத்தில் போய் நிற்கும்.

வேலையைச் சீக்கிரம் முடியுங்கள்

அப்ரோச் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் 30 நாட்டிகல் மைலுக்கு அப்பாலேயே முடிவாகிவிடுகிறது. ஏடிஐஎஸ் (விமான நிலையத்தின் வானிலை, ரன்வே விவரங்களைச் சொல்லும் ஒலிபரப்பு) கேட்டதும், எந்த அப்ரோச் என்று ஓரளவு தெரிந்ததும், உடனே புரொசீஜர் பட்டனை அழுத்தி, அப்ரோச்சைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸிஷனையும் (அப்ரோச்சுக்குள் எந்தப் புள்ளி வழியாக நுழைவது என்பது) தேர்ந்தெடுத்து, 'லோட்' கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வேறு ரன்வே கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம், அது சின்ன வேலை. எதுவும் ஏற்றாமல் பத்து மைலில் குமிழைத் திருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை.

'லோட்', 'ஆக்டிவேட்' இரண்டும் ஒன்றல்ல. லோட் செய்தால் அப்ரோச்சின் புள்ளிகள் உங்கள் ஃபிளைட் பிளானின் கடைசியில் சேரும், விமானம் போய்க்கொண்டிருந்த வழியிலேயே போகும். ஆக்டிவேட் செய்தால் அந்த நொடியே அப்ரோச்சின் தொடக்கப் புள்ளியை நோக்கித் திரும்பச் சொல்லும். கன்ட்ரோலர் அனுமதி தரும் முன் ஆக்டிவேட் செய்தால், ஆட்டோபைலட் ஜிபிஎஸ்ஸைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும் பட்சத்தில், விமானம் சத்தமில்லாமல் திரும்பிவிடும். அப்புறம் ரேடியோவில் கேள்வி வரும்.

டிரான்ஸிஷன் பட்டியலில் முதலில் நிற்பது 'வெக்டர்ஸ்', அதாவது கன்ட்ரோலர் சொல்லும் திசைகளில் பறந்து சேர்வது. அதைத் தேர்ந்தெடுக்கக் கை பரபரக்கும், கொஞ்சம் பொறுங்கள். பல பதிப்புகளில் வெக்டர்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸுக்கு (எஃப்ஏஎஃப், கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளி) முந்தைய புள்ளிகள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும், நீட்டிய ஒரு கோடு மட்டும் மிஞ்சும். கன்ட்ரோலர் மனம் மாறி, "அந்த இடைப்புள்ளிக்கு நேராகப் போங்கள்" என்றால் அந்தப் புள்ளி உங்களிடம் இருக்காது, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதனால் வழக்கமாக நான் பொருத்தமான ஒரு தொடக்கப் புள்ளியோடு முழு அப்ரோச்சையும் ஏற்றிவிடுவேன். வெக்டர் உறுதியானதும் ஃபிளைட் பிளான் பக்கத்தில் எஃப்ஏஎஃப்-இல் முடியும் லெக் (இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான பாதை) மேல் கர்சரை வைத்து, மெனுவில் 'ஆக்டிவேட் லெக்' கொடுத்தால் போதும். அதே நீட்டிய கோடு கிடைக்கும், புள்ளிகளும் தப்பிக்கும்.

ஏற்றிய பிறகு சார்ட்டை எடுத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். புள்ளிகளின் பெயர், ஃபைனல் கோர்ஸ் (ரன்வேயை நோக்கிய கடைசிப் பாதையின் திசை), தூரங்கள். நேவிகேஷன் டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை மாறும், கையிலிருக்கும் சார்ட்டும் அதே சுழற்சியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று புரியும்வரை அந்த அப்ரோச்சைத் தொடாதீர்கள்.

மினிமம் உயரத்தை, அதாவது ரன்வே தெரியாமல் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற எல்லையை, திரை தானாக எடுத்துக்கொள்ளாது. பிஎஃப்டியின் (விமானி முன்னால் இருக்கும் முதன்மைத் திரை) கீழ்வரிசையில் உள்ள டைமர்/ரெஃபரன்ஸ் பட்டனை அழுத்தி நீங்களே பாரோ மினிமம் போட வேண்டும். போட்டுவிட்டால், மினிமத்துக்கு மேல் 2500 அடிக்குள் இறங்கும்போது ஆல்டிமீட்டர் பக்கத்தில் ஒரு கட்டம் தோன்றும். 100 அடி மிச்சமிருக்கும்போது எழுத்து வெள்ளையாகும், தொட்டதும் மஞ்சளாகும், குரலும் கொடுக்கும். இது எச்சரிக்கை மட்டும்தான், விமானத்தை அங்கே நிறுத்தாது.

மெஜென்டாவா, பச்சையா?

ஹெச்எஸ்ஐ (பிஎஃப்டியில் திசையையும் பாதையையும் காட்டும் வட்டம்) ஊசி மெஜென்டா நிறத்தில் இருந்தால் ஜிபிஎஸ். பச்சையாக இருந்தால் தரையிலிருந்து வரும் ரேடியோ வழிகாட்டலான விஓஆர் அல்லது லோகலைசர் (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டுவது), அதிலும் ஒற்றைக் கோடு நாவ்1, இரட்டைக் கோடு நாவ்2 ரேடியோ. ஊசி எதைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிடிஐ பட்டனை அழுத்த அழுத்த இது மாறிக்கொண்டே போகும். ஆர்நாவ் (ஜிபிஎஸ் வழி) அப்ரோச்சுக்கு மெஜென்டா, ஐஎல்எஸ்ஸுக்கு (லோகலைசரோடு ரேடியோ சரிவும் தரும் முறை) பச்சை, அவ்வளவுதான். ஆனால் இந்த எளிய விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், காரணம் ஐஎல்எஸ்.

ஐஎல்எஸ் அப்ரோச்சை ஏற்றும்போது ஜிபிஎஸ் வழிகாட்டல் கண்காணிக்க மட்டுமே என்று திரை உங்களை எச்சரிக்கும். ஃபைனல் கோர்ஸ் வரை மெஜென்டாவில் போகலாம், அதன்பின் பச்சைக்கு மாறியே ஆக வேண்டும். அலைவரிசையைக் கருவி தானே ஏற்றிக்கொள்ளும், ஆனால் அது ஆக்டிவ் பக்கம் போனதா ஸ்டாண்ட்பை பக்கம் நின்றதா என்பது அந்த நேரத்தில் சிடிஐ எதில் இருந்தது என்பதைப் பொறுத்தது. பாருங்கள், தேவைப்பட்டால் மாற்றுங்கள். அலைவரிசைக்குப் பக்கத்தில் நிலையத்தின் அடையாள எழுத்துகள் தோன்றுகின்றனவா என்று பாருங்கள், சந்தேகமிருந்தால் மோர்ஸைக் காதால் கேளுங்கள். ஃபைனல் கோர்ஸை நெருங்கும்போது சிடிஐ தானாகவே பச்சைக்கு மாறும் வசதி உண்டு. அது நடக்கச் சில நிபந்தனைகள் இருக்கின்றன, செங்குத்தான கோணத்தில் வெக்டர் கொடுத்தாலோ மிக நெருக்கத்தில் திருப்பினாலோ மாறாமலே போகலாம். மாறும் என்று காத்திருக்காமல், மாறிவிட்டதா என்று பார்ப்பதை உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே சிடிஐ பட்டனை அழுத்தி மாற்றினால் இன்னொரு சங்கதி உண்டு. ஆட்டோபைலட் ஊசியைப் பின்தொடரும் நாவ் மோடில் இருக்கும்போது ஊசியின் மூலத்தைக் கையால் மாற்றினால், அது நாவ் மோடை விட்டுவிட்டு ரோல் மோடுக்குப் போய்விடும். இறக்கை மட்டமாக, காற்று தள்ளும் பக்கம் போய்க்கொண்டிருப்பீர்கள். மேலே பச்சை எழுத்தில் 'ஆர்ஓஎல்' என்று தெளிவாகவே எழுதியிருக்கும். அதனால் முதலில் ஹெடிங் மோடில் (கொடுத்த திசையிலேயே போவது) போட்டு, பிறகு மூலத்தை மாற்றி, அதன்பின் அப்ரோச் பட்டனை அழுத்துவது பாதுகாப்பு.

பிஎஃப்டியின் உச்சியில் இருக்கும் அந்த வரியைப் பற்றி: பச்சையில் இருப்பது இப்போது நடப்பது, வெள்ளையில் இருப்பது காத்திருப்பது. அப்ரோச் பட்டனை அழுத்தியதும் வெள்ளையில் 'ஜிபி' வர வேண்டும், ஐஎல்எஸ் என்றால் 'ஜிஎஸ்'. ஜிபி என்பது செயற்கைக்கோள் கணக்கிட்ட சரிவு, ஜிஎஸ் என்பது தரையிலிருந்து வரும் ரேடியோ சரிவு. பட்டனை அழுத்திய கையோடு வாய்விட்டுப் படியுங்கள்: "ஜிபிஎஸ் பச்சை, ஆல்ட் பச்சை, ஜிபி வெள்ளை." (ஆல்ட் என்றால் உயரத்தைப் பிடித்திருக்கிறது.) பக்கத்து சீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் படியுங்கள். பட்டனை அழுத்தினோம் என்பதால் கருவி கேட்டுக்கொண்டது என்று அர்த்தமில்லை.

எஃப்ஏஎஃப்-ஐ நெருங்கும்போது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஆர்நாவ் அப்ரோச், எல்பிவி (செயற்கைக்கோளால் சரிவும் கிடைக்கும் துல்லியமான வகை) மினிமம், எஃப்ஏஎஃப்-க்கு ஐந்து மைல் இருக்கிறது, 90 நாட் வேகம், உயரத்தைப் பிடித்துக்கொண்டு மட்டமாகப் போகிறீர்கள். ஹெச்எஸ்ஐயின் நடுப்பகுதியில் 'டெர்ம்' என்று இருக்கும், அதாவது ஊசி முழுவதும் ஒதுங்கினால் ஒரு நாட்டிகல் மைல் விலகல். எஃப்ஏஎஃப்-க்கு இரண்டு மைல் முன்னால் அந்த அளவு சுருங்கத் தொடங்கும், 'டெர்ம்' மறைந்து 'எல்பிவி' வரும். இதற்குப் பிறகு ஊசி லோகலைசரைப் போலக் கூர்மையாக அசையும், அதே விலகலுக்கு முன்பைவிடப் பெரிதாக நகரும். பயந்து பெரிய திருத்தம் கொடுக்க வேண்டாம். ஹெச்எஸ்ஐயில் ஒரு சின்ன மெஜென்டா வைரக்குறி உங்கள் உண்மையான டிராக்கைக் காட்டும், அதைக் கோர்ஸ் அம்பின் முனையோடு பொருத்திவைத்தாலே பக்கக்காற்றுக் கணக்கு முடிந்தது. கிளாஸ் காக்பிட் கொடுத்த வசதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குறிதான்.

எஃப்ஏஎஃப்-ஐ அடையும்போதும் 'டெர்ம்' மாறவில்லை என்றால் இறங்காதீர்கள். அப்ரோச் ஆயத்தமாகவில்லை என்று அர்த்தம். உயரத்தைப் பிடித்துக்கொண்டு மிஸ்ட் அப்ரோச்சுக்கு (இறங்காமல் மறுபடி ஏறிப் போவது) தயாராகுங்கள். 'எல்பிவி' வர வேண்டிய இடத்தில் 'எல்நாவ்' (பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும் உள்ள வகை) வந்து, தரம் குறைந்தது என்று செய்தியும் வந்தால் அப்ரோச் தொடரலாம், ஆனால் எல்நாவ் மினிமத்துக்கு. அந்த எண்ணையும் முன்பே பார்த்துவைத்திருந்தால் இங்கே பதற்றம் இல்லை. எல்பிவி சில ரன்வேக்களில் 200 அடி வரை இறக்கிவிடும், எல்நாவ் பெரும்பாலும் அதைவிடப் பல நூறு அடி மேலேயே நிறுத்திவிடும்.

சரிவைக் காட்டும் வைரக்குறி மேலிருந்து கீழே வரும்போது பிடியுங்கள், அதாவது நீங்கள் சரிவுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே மாட்டிக்கொண்டால் ஆட்டோபைலட் பிடிக்காமல் விட்டுவிடலாம், துரத்திக்கொண்டு இறங்குவது நல்ல பழக்கமும் அல்ல. வெள்ளை ஜிபி பச்சையானதும், உயரக் குமிழை மிஸ்ட் அப்ரோச் உயரத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஜிபியில் இருக்கும்போது ஆட்டோபைலட் அந்த எண்ணைச் சட்டை செய்யாது, ஆனால் மேலே ஏறும்போது அது தயாராக இருக்கும். மூன்று டிகிரி சரிவுக்கு இறங்கும் வேகம் தரைவேகத்தின் ஐந்து மடங்கு, 90 நாட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி சுமார். எதிர்பார்த்ததைவிட நிறைய வேறுபட்டால் காற்றையோ ஊசியையோ சந்தேகப்படுங்கள்.

எல்நாவ்+வி தனியாகச் சொல்ல வேண்டியது. ஹெச்எஸ்ஐயில் 'எல்நாவ்' பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் வி-யும் இருந்தால் அந்தச் சரிவு வெறும் ஆலோசனை. மினிமம் எம்டிஏதான் (இறங்கக்கூடிய மிகக் குறைந்த உயரம்), பார்வை கிடைக்காமல் அதற்குக் கீழே ஒரு அடியும் போகக் கூடாது. சிக்கல் என்னவென்றால் திரையில் அதே மெஜென்டா வைரம், ஆட்டோபைலட்டில் அதே பச்சை ஜிபி. ஆட்டோபைலட் எம்டிஏவில் மட்டமாகாது, அதைத் துளைத்துக்கொண்டு இறங்கும். எம்டிஏவுக்குக் கீழே அந்தச் சரிவு தடைகளைத் தாண்டும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இடையில் இறக்கக் கட்டுப்பாடுகள் இருந்தால் அவற்றைப் பின்பற்றுவதும் உங்கள் பொறுப்புதான்.

எதுவும் தெரியவில்லை என்றால்

மினிமத்தில் வெளியே பால்வெள்ளைதான். முதலில் பவர், மூக்கு மேலே, ஏற்றம் உறுதி, ஃபிளாப். அதற்குப் பிறகுதான் திரை. மறுபடி ஏறிப் போவதற்கான கோ-அரவுண்ட் பட்டனை அழுத்தினால் பல விமானங்களில் ஆட்டோபைலட் விலகிவிடும், ஃபிளைட் டைரக்டர் (எப்படிப் பறக்க வேண்டும் என்று திரையில் காட்டும் குறி) மட்டும் மேலே காட்டும், ஆகவே கை கன்ட்ரோலில் உறுதியாக இருக்க வேண்டும். மிஸ்ட் அப்ரோச் புள்ளியைத் தாண்டியதும் 'சஸ்ப்' என்று வரும், அதாவது கருவி அடுத்த புள்ளிக்குப் போகாமல் உங்களுக்காகக் காத்திருக்கிறது. சில பதிப்புகளில் கோ-அரவுண்ட் பட்டனே இதை விடுவித்துவிடும், மற்றவற்றில் சஸ்ப் பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அவசரமில்லை, சார்ட்டின் முதல் கட்டளையை ஹெடிங்கால் பறந்துகொண்டே அழுத்தலாம். ஐஎல்எஸ்ஸிலிருந்து ஏறுகிறீர்கள் என்றால் ஊசி இன்னும் பச்சையாக இருக்கலாம், ஹோல்ட் (சுற்றிச் சுற்றிக் காத்திருப்பது) இருக்கும் புள்ளியோ ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது. மெஜென்டாவுக்கு மாற்றிவிட்டு, மறுபடி மேல்வரியைப் படியுங்கள்.

திரையே அணைந்துபோனால் ஆடியோ பேனலில் உள்ள சிவப்பு 'டிஸ்ப்ளே பேக்கப்' பட்டன். வலப்பக்கத் திரையில் பறப்பதற்கான கருவிகள் வந்துவிடும். ஆனால் பல விமானங்களில் பிஎஃப்டி போனால் நாவ்1, காம்1 (பேச்சு ரேடியோ) இரண்டும் சேர்ந்தே போகும், அதனால் ஐஎல்எஸ் என்றால் நாவ்2-விலும் அதே அலைவரிசையைப் போட்டுவைப்பது நல்லது.

பயிற்சிக்கு, விமானம் தரையில் நிற்கும்போது வெளி மின்சாரம் கொடுத்துத் திரையை இயக்கிப் பழகலாம். பேட்டரியில் செய்தால் பேட்டரிதான் காலியாகும். சிமுலேட்டர் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே கன்ட்ரோலராக யாரையாவது உட்காரவைத்து, பத்து மைலில் ரன்வேயை மாற்றச் சொல்லலாம், வெக்டரை நடுவில் ரத்து செய்யச் சொல்லலாம், எஃப்ஏஎஃப்-க்கு முன்னால் தரத்தை எல்நாவுக்குக் குறைக்கச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் பட்டனைத் தொடும் முன் மேல்வரியில் என்ன இருந்தது, தொட்ட பின் என்ன ஆனது என்று அவரிடம் சொல்லிக்காட்டுங்கள், தவறாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.