ஒரே அளவில் இரண்டு மோட்டார் கேட்டமரன்: எதை எடுப்பது?

நீளம் ஒன்று, அகலம் ஏறக்குறைய ஒன்று, பின்னால் இரண்டு அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் இன்ஜின். விளம்பரத் தாளை வைத்து இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு படகு நிற்கும் இடத்துக்கே போங்கள்.

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரத்தில் மரங்கள் நெருக்கிக் கட்டியிருக்கும். இதிலோ இரண்டு ஹல்களுக்கு, அதாவது தண்ணீரில் மிதக்கும் இரண்டு உடல்களுக்கு, நடுவே காற்று ஓடும் டனல் உண்டு. படகின் குணத்தைத் தீர்மானிப்பது அந்த டனல்தான்.

முதலில் எடை. 300 லிட்டர் பெட்ரோல் சுமார் 220 கிலோ, 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, நான்கு பேர் 320 கிலோ, ஆக 640. ஹல்கள் ஒல்லி என்பதால் 7 மீட்டர் படகு, 85 கிலோ ஏற ஏற ஏறத்தாழ 1 செ.மீ. அமிழும். அதாவது டனலில் 7 செ.மீ.க்கு மேல் போய்விடும். வெறும் படகில் ஒருமுறை, சுமை ஏற்றி ஒருமுறை, அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) அருகே டனல் கூரைக்கும் தண்ணீருக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தாளில் போட்டிருக்கும் எடை இன்ஜினோடு சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே சுமையோடு ஓட்டுங்கள். அலைக்கு நேராக 12, 16, 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று கூட்டிப் பாருங்கள். டனல் கூரையில் அலை 'தொம்' என்று அறைந்தால் உயரம் போதவில்லை. அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. டனலின் முன்வாயிலிருந்து சாரல் பீறிட்டு முகத்தில் அடிக்கிறதா என்றும் கவனியுங்கள். மணிக்கு ஆகும் லிட்டரை வேகத்தால் வகுங்கள்: 20 நாட்டில் 60 லிட்டர் என்றால் கடல் மைலுக்கு 3 லிட்டர்.

வளைவில் வேகம் கூடாமல் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் எகிறினால் புரொபெல்லர் காற்றை இழுக்கிறது. இதற்காகப் படகையே ஒதுக்க வேண்டாம். இன்ஜினை, அதை மாட்டும் துளைகளில் ஒரு துளை, அதாவது 19 மி.மீ., இறக்கினாலோ நான்கு இதழ் புரொபெல்லர் மாட்டினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு ஒரு இன்ஜினை அணைத்து, ஓடும் இன்ஜின் இருக்கும் பக்கமாகவே திருப்பிப் பாருங்கள். கஷ்டமான திருப்பம் அதுதான்.

பழைய படகென்றால் இன்ஜினைப் பாதி தூக்கி வைத்து, அதன் காலை (தண்ணீரில் இறங்கும் அடிப்பகுதியை) பிடித்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். இன்ஜின் மாட்டியிருக்கும் பின்சுவர் அசைந்தால், உள்ளே பிளைவுட் ஊறியிருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டும்போது 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'மொத்' என்று கேட்கும். டனல் கூரை ஹல்லோடு சேரும் மூலைகளில் டார்ச் அடித்து வெடிப்பு தேடுங்கள். இரண்டு ஹல்களும் ஒன்றையொன்று முறுக்கும் விசை விழுவது அங்கேதான்.

ஏரியிலோ காயலிலோ இரண்டு பேர் மட்டும் போவதானால் டனல் தாழ்ந்ததும் போதும். சுமையோடு கடலில் இறங்குவதானால், இன்ஜின் பழையதாக இருந்தாலும் டனல் உயர்ந்ததையே எடுங்கள். இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம்.