கல்லூரி ஆபீஸ் ஜன்னலுக்குப் போகும் முன்: முதலாண்டு மாணவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாலும் உதவித்தொகை, வழிகாட்டும் ஆசிரியர், மனநல ஆலோசனை, குறைதீர்ப்புக் குழு எல்லாம் உங்களுக்கு உண்டு. ஆனால் எதுவும் தேடி வராது. தகுதியுள்ள விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்குவது சின்ன விஷயத்தில்தான்: பெயரில் ஓர் எழுத்து, காலாவதியான சான்று, பணம் வரும் வங்கிக் கணக்கு. அதனால் இந்த விளக்கத்தில் பாதி காகித வேலைதான்.

முதல் வேலை: பெயர்

ஆதார், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, டி.சி., பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்ம பக்கத்து இசக்கி ஒரு காகிதத்தில் ஆங்கில 'E'யில் தொடங்குவாள், இன்னொன்றில் 'I'யில். இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால். மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக நிற்கும். "ஒரு எழுத்துதானே அண்ணாச்சி" என்று விட்டால், கணினி அதை வேறு ஆளாகவே எடுத்துக்கொள்ளும்.

மதிப்பெண் சான்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்துவது நெடுநாள் அலைச்சல். அதில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பாஸ்புக்கை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அவசரத்தில் ஒன்றை வீணாக்க வேண்டாம்.

சான்றுகள்

சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். "போன வருஷம் வாங்கினது இருக்கே" என்பது செல்லாது. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வருமானத்துக்கான ஆதாரம் எடுத்துப் போங்கள். மையத்துக்காரர் தன் செல் நம்பரைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே ஏறும். ஒரு வாரம் ஒரே இடத்தில் நின்றால், விண்ணப்ப எண்ணுடன் அந்த அலுவலகத்துக்கே நேரில் போங்கள். கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலையில் தாலுகா ஆபீஸில் நிற்க இடம் இருக்காது. மே மாதமே முடித்துவிடுவது நல்லது.

ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர்ப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரிலிருந்து உங்கள் மாவட்டம் தென்காசி. பழைய சான்றில் திருநெல்வேலி என்று இருக்கும். அதைப் பார்த்து ஆன்லைனில் திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் உங்கள் தாலுகாவே வராது.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நனைந்த காகிதங்கள் எத்தனையோ. அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைப்பதை அதில் ஏற்றுங்கள், மற்றதை ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள்.

பணம் எந்தக் கணக்குக்கு வரும்?

அதிகம் குழப்பம் நடப்பது இங்கேதான். அரசு நேரடியாகப் போடும் உதவித்தொகை, நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போவதில்லை. ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பள்ளியில் ஒரு கணக்கு, கல்லூரியில் ஒன்று, சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் உங்களுக்கே தெரியாமல் ஒன்று என்று இருந்தால், பணம் மூன்றாவதில் கிடக்கும். நீங்கள் முதல் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மை ஆதார் தளத்தில் உள்ளே போய் 'வங்கி இணைப்பு நிலை' பாருங்கள். எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். வங்கி மாற வேண்டுமென்றால், வேண்டிய கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். கிளையில் "ஆதார் ஏத்தியாச்சு" என்றால் நம்பி வந்துவிடாதீர்கள். கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் வாங்க இணைப்பது வேறு. பள்ளியில் 18 வயதுக்கு முன் தொடங்கிய கணக்கு என்றால், 18 முடிந்ததும் புதுக் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் (அடையாள, முகவரிச் சான்று) கொடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு முடங்கும்.

யுமிஸ் எண்

சேர்ந்ததும் ஆபீஸில் உங்கள் யுமிஸ் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசுத் தளத்தில் அதுதான் உங்கள் அடையாள எண். உதவித்தொகைகள் இந்த எண் வழியாகத்தான் ஓடுகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இவற்றுக்கு வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்குபவரும் வாங்கலாம். தொலைநிலைக் கல்விக்கு இல்லை.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்று காட்டும் முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பலர் வீணாக அலைகிறார்கள். அந்தக் கட்டணச் சலுகை, கவுன்சலிங் வழி சேரும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு. பி.ஏ., பி.எஸ்சி. சேர்ந்தவர் முதலில் ஆபீஸில் தேவையா என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

குறை இருந்தால்

வாயால் சொன்னது மறுநாள் காற்றோடு போய்விடும். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், பதிவெண், என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பதும் யு.ஜி.சி. உத்தரவுதான், சரிபார்த்ததும் திரும்பக் கேளுங்கள்.

ராகிங் என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். புகார் எண் 1800-180-5522, கட்டணமில்லை.

படிப்பும் மனசும்

வருகைப்பதிவு குறைந்து 75 சதவீதத்தை நெருங்கும்போதே உங்கள் வழிகாட்டும் ஆசிரியரான வகுப்பு டியூட்டரைப் பாருங்கள். தேர்வுக் கட்டண நேரத்தில் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றைக் குணமாகி வந்த அன்றே கொடுங்கள். மாதம் கழித்துக் கொடுப்பதை யாரும் நம்புவதில்லை. ஆங்கில வழிப் பாடம் புரியவில்லையென்றால் முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள், பல துறைகளில் தனி வகுப்பு வைப்பார்கள். தூக்கம் வரவில்லை, ஊருக்கே ஓடிவிடலாம்போல் இருக்கிறது என்றால் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

இரண்டாம் ஆண்டிலிருந்து போட்டித் தேர்வு எண்ணம் இருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பெயர் கொடுங்கள். பயிற்சி இலவசம்.