காபி குடித்தால் வயிறு கலங்குவது ஏன்? தவிர்ப்பது எப்படி?

காபி இரைப்பையில் அமிலம் சுரப்பதைத் தூண்டுகிறது. அதோடு, உணவுக்குழாயின் அடிமுனையில் உள்ள சுருக்குத் தசையைச் சிலருக்குத் தளர்த்திவிடுவதால், அமிலம் மேலேறி நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டாகின்றன. பெருங்குடலின் அசைவையும் அது விரைவுபடுத்துவதால்தான், குடித்த சில நிமிடங்களிலேயே சிலர் கழிப்பறையைத் தேடுகிறார்கள். காபியில் உள்ள ஊக்கப்பொருளான கஃபீன் மட்டுமே இதற்குக் காரணமன்று. கஃபீன் நீக்கிய காபியும் அமிலத்தைத் தூண்டும் என்பதால், அதற்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

முதலில், வெறும் வயிற்றில் குடிப்பதை நிறுத்தி, சாப்பிட்ட பிறகு சிறிய கோப்பையில் மெதுவாகக் குடித்துப் பாருங்கள். உப்புசமும் பேதியும்தான் தொல்லை என்றால், குற்றவாளி பாலாகவும் இருக்கலாம்: ஒரு வாரம் பால் சேர்க்காமலோ லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பாலிலோ குடித்தால் ஓரளவு தெரிந்துவிடும். கருமையாக வறுத்த கொட்டையும், குளிர்ந்த நீரில் 12 மணி நேரம் ஊறவைத்து வடித்த காபியும் சிலருக்கு ஒத்துக்கொள்கின்றன. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் என்பதே பொதுவான உச்சவரம்பு. வயிறு முரண்டு பிடிப்பவர்களுக்கு அதில் பாதிகூட அதிகமாக இருக்கலாம். குடித்த கையோடு படுக்கவும் கூடாது. மலம் கருப்பாகப் போனாலோ வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, காபியை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.