வாய்ப்புற்றுநோய்க்கு ஒளியியக்கச் சிகிச்சை: துடிப்பொளியா, தொடர் ஒளியா?

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் சேர்த்து மெல்லும் மலையகத் தோட்டங்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆகவே இங்கே உதாரணமும் வாய்தான். இது கண்டி, பேராதனை, பதுளைப் பக்கம் பயிலும் வைத்தியர்களுக்கும் மருத்துவ பௌதிகவியலாளர்களுக்கும் உரிய குறிப்பு. வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல.

ஒளியியக்கச் சிகிச்சை என்பது மருந்தை உடலில் சேர்த்து, ஒளியால் அதைத் தூண்டிக் கட்டியை அழிப்பது. அதற்கு ஒளியுணர் மருந்து, பொருத்தமான அலைநீள ஒளி, இழையத்தில் ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஒளிமூலத்தைத் தெரிவு செய்பவர்கள் முதலிரண்டையும் கவனிப்பார்கள், ஒட்சிசனை மறந்துவிடுவார்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தொடர் ஒளிக்குரிய கணக்கை முதலில் பார்ப்போம். தலை, கழுத்துப் புற்றுநோயில் மற்றச் சிகிச்சைகள் கைகொடுக்காத நிலைக்கு 2001இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற மருந்து டெமோபோர்ஃபின். உடல் எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வீதம், 6 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக நாளத்தில் ஏற்ற வேண்டும். 96 மணித்தியாலத்தின் பின் 652 நனோமீற்றர் டயோட் லேசர் ஒளி. சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்று வீதம் 200 வினாடி பாய்ச்சினால் 20 யூல் சேரும். கட்டி 1 சென்ரிமீற்றர் அகலம் என்றால், சுற்றிலும் அரை சென்ரிமீற்றர் சேர்த்து ஒளிவட்டத்தின் விட்டம் 2 சென்ரிமீற்றர். பரப்பு 3.14 சதுர சென்ரிமீற்றர் ஆதலால் லேசர் ஒளியைக் கொண்டுவரும் இழைநாரின் நுனியில் 314 மில்லிவாற்று வெளிவர வேண்டும். கை சற்றுப் பின்வாங்கி வட்டம் 2.4 சென்ரிமீற்றர் ஆனால், அதே 200 வினாடியில் கிடைப்பது 14 யூல் மட்டுமே. ஆகவே நுனியைக் கையால் பிடிக்காமல் தாங்கியில் பூட்டுங்கள். கன்னம், நாக்கு, அண்ணம் எல்லாம் ஒளியைத் தெறிக்கவைக்கும். வட்டத்துக்கு வெளியே உள்ள நல்ல இழையத்தை ஈரமாக்கிய கறுப்புத் துணியால் மூடுங்கள்.

துடிப்பொளி என்பது விட்டுவிட்டுக் கொடுக்கும் ஒளி. அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. சராசரி வலு ஒன்றென்றால் விளைவும் ஒன்றென்று எண்ணுவது ஆபத்து. அதே 100 மில்லிவாற்றுச் சராசரியை வினாடிக்கு 10 துடிப்பாக, ஒவ்வொன்றும் 10 நனோசெக்கன் நீளத்தில் கொடுப்பதாக வையுங்கள். ஒரு துடிப்பில் 10 மில்லியூல், அதன் உச்சம் சதுர சென்ரிமீற்றருக்கு 10 லட்சம் வாற்று. ஒரு போட்டோனை, அதாவது ஒளித்துகளை, வாங்கிய மருந்து மூலக்கூறு உடனே அடிநிலைக்கு, அதாவது பழைய நிலைக்கு, திரும்பாது. அதே துடிப்பில் பின்னால் வரும் போட்டோன்களை வாங்க ஆளில்லை, அவை வீண். மீற்றர் 20 யூல் என்று காட்டும், இழையத்தில் வேலை அவ்வளவு நடந்திராது.

அதையே வினாடிக்கு 10,000 துடிப்பாக, 50 நனோசெக்கன் நீளத்தில் கொடுத்தால் உச்சம் 200 வாற்றுதான். மருந்து நிரம்பி வழியாது. துடிப்புகளின் இடைவெளியும் மிகச் சிறியது. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுவந்து நிரப்ப வினாடிகளும் நிமிடங்களும் வேண்டும், ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கில் எதுவும் மாறாது. ஆகவே இந்த லேசரைத் தொடர் ஒளியாகவே கணக்கிடலாம்.

ஒட்சிசனுக்கு உண்மையில் இடம் கொடுப்பது மூன்றாவது வகை: நீண்ட இருட்டு இடைவெளி விட்டுப் பகுத்துக் கொடுப்பது. தோலில் 20 வீத அமினோலெவுலினிக் அமிலக் களிம்பு பூசி 4 மணித்தியாலத்தின் பின் 20 யூல், 2 மணித்தியால இருட்டு, பின் 80 யூல் என்று நெதர்லாந்தில் கொடுத்துப் பார்த்ததில் ஒரே தடவை ஒளியைவிட நல்ல பலன் கிடைத்தது. ஒளி பாய்ச்சிய வீதம் சதுர சென்ரிமீற்றருக்கு 50 மில்லிவாற்று. இந்த அட்டவணையை அப்படியே வேறு மருந்துக்கு மாற்றாதீர்கள். அதே அமிலத்தின் மெதைல் வடிவத்தில்கூட இதே நன்மை கிடைக்கவில்லை.

எங்கள் பரிந்துரை: வாய்க்குத் தொடர் டயோட் லேசர். நனோசெக்கன் லேசர்தான் கையில் இருக்கிறது என்றால், துடிப்பு நீளம், வீதம், உச்சம் மூன்றையும் எழுதி, செல் வளர்ப்பில் தொடர் ஒளியுடன் ஒப்பிட்ட பிறகே நோயாளிக்குப் போங்கள். அந்த ஒப்பீட்டில் வெப்பவகை வலுமானியைப் பயன்படுத்துங்கள். போட்டோடயோட் மானி உச்சத்தில் நிரம்பிக் குறைவாகக் காட்டும், பழுதாகவும் கூடும். பாதுகாப்புக் கண்ணாடியும் அந்த அலைநீளத்துக்கும் துடிப்புக்கும் உரியதாக இருக்க வேண்டும்.

நுவரெலியாக் குளிரில் வைத்த இழைநாரைச் சூடான சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் வில்லையில் பனித்துளி படியும். அரை மணித்தியாலம் பொறுத்துத் துடைத்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வலுவை அளந்து எழுதுங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடி மின்னல் வழக்கம். யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கவேண்டாம். மின்சாரம் நின்றால் கழிந்த வினாடியைக் குறித்து, மிச்சத்தை மட்டும் கொடுங்கள்.

மருந்து தோலிலும் இருப்பதால், மயக்க நிலையில் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியின் சிவப்பொளியே தோலைச் சுடலாம். 10–15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: “அம்மா, மப்பும் மந்தாரமுமா இருந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். பனியை நம்பி வெளியே போகாதீங்க.” சன்ஸ்கிரீன் பூசுவதும் காக்காது, அது தடுப்பது புற ஊதாவை. முதல் நாள் திரை போட்ட அறை, 60 வாற்றுக்குக் குறைந்த குண்டு பல்பு. 15 நாளில் படிப்படியாக வெளிச்சத்துக்கு வரலாம். ஊசி போட்ட கையில் மட்டும் 6 மாதம் நீண்ட நேரம் நேரடி வெயில் படக்கூடாது. கொழுந்து எடுப்பவரானால் வேலைக்குத் திரும்பும்போது நீளக்கைச் சட்டை கட்டாயம். அதைத் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.