குளியலறைத் தரைக்கு டைல்ஸ்: கொத்தனாரை அழைப்பதா, நாமே பதிப்பதா?

குளியலறைத் தரையை மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர் கூலியை மட்டும் கணக்கிட்டுத்தான் இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் குளியலறைத் தரை முழுவதும் நாள்தோறும் நனைகிறது; வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் நீரெல்லாம் தரைமீது ஓடித்தான் நானி டிராப் எனப்படும் தரை வடிகால் வாயைச் சேர்கிறது. எனவே, அந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கீழே மண் மட்டுமே இருக்கும் தரைத்தளக் குளியலறை என்றால், பொறுமையும் இரண்டு வார இறுதிகளும் உள்ள எவரும் தாமே பதித்துப் பார்க்கலாம். பிழை நேர்ந்தாலும் சில டைல்களைப் பெயர்த்து மீண்டும் ஒட்டுவதோடு முடிந்துவிடும். மாடியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நிலைமை வேறு. அங்கே குழாய்கள் பெரும்பாலும் பள்ளமாக வார்த்த கான்கிரீட் தளத்தில் கிடக்கும்; அவற்றின் மேல் நிரப்பிய மண்ணும் செங்கல் துண்டுகளும் கசிவை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருக்கும். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரியும்போது தளத்தின் கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். மாடிக் குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சையும், வாட்டத்தையும், அதாவது நீர் வடிவதற்கான சரிவையும், அனுபவமுள்ள கொத்தனாரிடம்தான் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடத்தில் மிச்சம் பிடித்த கூலி மிச்சமாக நிற்பதில்லை.

டைலை ஒட்டுவது கடினமான வேலையன்று, வாட்டம் எடுப்பதுதான் கடினம். ஓரடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, என்பது கொத்தனார்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 5 அடிக்கு 7 அடி அறையில் டிராப் ஒரு மூலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளச் சுவரின் மறுமுனை 7 நூல், அகலச் சுவரின் மறுமுனை 5 நூல், எதிர்மூலை 12 நூல் என்ற அளவில் டிராப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். எதிர்மூலையில் வரும் அந்த ஒன்றரை அங்குல உயரத்தோடு டைலின் கனத்தையும் பசையின் கனத்தையும் கூட்டிய பிறகும், வாசலில் குளியலறைத் தரை வெளி அறையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்குமா என்பதைப் பழைய தரையை உடைப்பதற்கு முன்பே அளந்துகொள்ள வேண்டும். இதற்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் நான்கு மூலைகளிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று சுவரிலேயே எழுதிவைப்பது நல்லது. டிராப் அறையின் நடுவில் இருந்தால் தரை நான்கு பக்கமும் சரிய வேண்டியிருக்கும்; அங்கே இரண்டடி டைல் வளைந்து கொடுக்காது, ஓரடி டைலையே வாங்க வேண்டும்.

டைலும் பசையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விட்ரிஃபைடு டைல் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடித்துக்கொள்ளாது. அதற்கு டைல் பசைதான் சரி, அதுவும் ஐ.எஸ். 15477 தரக்குறி உள்ள மூட்டையாக இருக்கட்டும். சாதாரண செராமிக் டைலைச் சிமெண்ட் சாந்தில் பதிப்பதானால் முன்கூட்டியே நீரில் ஊறவைக்க வேண்டும், பசையில் ஒட்டுவதானால் ஊறவைக்கக் கூடாது. வழுக்காத மேட் வகையையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் இதில் அழகுக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். 35 சதுர அடித் தரைக்கு வெட்டுச் சேதத்துக்காகப் பத்து சதவீதம் கூட்டி வாங்கினால் போதும். ஆனால் தரையை உடைக்கும்போது சுவரின் அடிவரிசை டைல்களும் பெரும்பாலும் உடைந்துவிடும், பழைய டிசைன் இப்போது கடையில் கிடைக்காது. அந்த ஒரு வரிசைக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

தாமே செய்பவர்கள் பழைய தரையை முழுவதுமாகப் பெயர்த்து, தூசி நீக்கி, வாட்டத்தோடு சிமெண்ட் தளம் போட்டு, அது காய்ந்த பிறகு நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கையாகப் பூச வேண்டும். இரண்டாவது கை முதல் கைக்குக் குறுக்காக ஓட வேண்டும், சுவரிலும் ஓரடி ஏற வேண்டும். பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 48 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். இந்தச் சோதனை முடியாமல் ஒரு டைலைக்கூடத் தொடக் கூடாது. பிறகு டைல்களைப் பசையின்றி அடுக்கிப் பார்த்து, வெட்டுத் துண்டுகள் கதவுக்கு எதிரே வராமல் திருத்திக்கொண்டு, பல்வைத்த கரணையால் பசை பரப்பி, வாசலை நோக்கிப் பின்வாங்கியபடியே ஒட்டிவர வேண்டும். அவ்வப்போது ஒட்டிய டைலைப் பெயர்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பசை முழுவதும் படியாமல் கோடுகோடாக மட்டும் தெரிந்தால் கீழே காற்றிடம் உண்டு என்று பொருள், அங்கேதான் தண்ணீர் தங்கும். கிரைண்டரால் வெட்டும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் அதைக் கையில் எடுக்காதீர்கள்.

கொத்தனாரை அமர்த்துவதானால், அவர் முடித்து ஓராண்டாவது ஆன குளியலறை ஒன்றைக் காட்டச் சொல்லி, அங்கே ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் தேங்காமல் டிராப்புக்குப் போனால் அவரை நம்பலாம். சிறிய அறைக்குச் சதுர அடிக் கணக்கு அவருக்குக் கட்டுபடியாகாது என்பதால் பெரும்பாலும் மொத்தமாகவே கூலி பேசுவார்கள். உடைப்பது, இடிபாட்டை அள்ளி வெளியேற்றுவது, நீர்த்தடுப்புப் பூச்சு, டைல் இடைவெளிகளை அடைக்கும் கிரவுட் ஆகியவை அதில் அடங்குமா என்று தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் தேக்கும் சோதனைக்கு இரண்டு நாள் வேலை நிற்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு வேலையை ஒப்புக்கொண்டிருப்பார், சோதனையைத் தவிர்க்கவே பார்ப்பார், அதில் அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. வேலை முடிந்த மறுநாள் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றோசை வருவதை மாற்றித் தரச் சொல்லி, அதன் பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பலருக்கும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே பொருத்தமாக இருக்கும். வாட்டம், பூச்சு, பதிப்பு மூன்றையும் கொத்தனார் செய்யட்டும். பொருள் வாங்குவதையும் கிரவுட் அடைப்பதையும் வீட்டார் எடுத்துக்கொள்ளலாம். ஒட்டி 24 மணி நேரம் கழித்து இடைவெளிகளைச் சுத்தம் செய்து, ரப்பர் கரணையைச் சாய்வாகப் பிடித்துக் கிரவுட்டை அழுத்தி நிரப்பி, மேலே படிந்ததை ஈரமான ஸ்பாஞ்சால் உடனே துடைத்துவிட வேண்டும். எப்பாக்சி கிரவுட் என்றால் காய்ந்த படலத்தை அகற்றுவது மிகக் கடினம். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் சீலண்ட் அடைத்து, பொட்டலத்தில் குறிப்பிட்ட நேரம் முடியும்வரை அந்தக் குளியலறைக் குழாயைத் திறக்காமல் இருங்கள்.